அந்தக் கல்யாணத்தை நம் வீட்டுக் கல்யாணம் போல ஏன் பார்த்தோம்?

கோத்தகிரி மலர்:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. 2024 ஜூலையில் அம்பானி வீட்டுக் கல்யாணம் நடந்தபோது எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) எந்த வீட்டுக்குள் போனாலும் அதே பேச்சுதான். யார் வந்தார்கள், ரஜினி எப்படி ஆடினார், என்ன நகை. என் மாமியார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இத்தனை நகை போட்டால் பெண்ணுக்குக் கழுத்து வலிக்காதா, யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்களா" என்று கவலைப்பட்டார். சொந்தக்காரப் பெண்ணுக்குப் படுகிற கவலை அது.

அந்த மாதம் 3ஆம் தேதிதான் ஜியோ ரீசார்ஜ் 239இலிருந்து 299 ஆகியிருந்தது. கல்யாணத்தைப் பார்த்ததே அந்த ரீசார்ஜில்தான். அன்று மழை. நனைந்த தேயிலை என்று எடை போடுகிற இடத்தில் சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டார்கள். கேட்டால் ஃபேக்டரியில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஒரே பதில்.

ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வையுங்கள். ஒரு கோடி ரூபாய்க்கு 5 லட்சம் கிலோ இலை வேண்டும். நான் கையால் பறித்தால் ஒரு நாளைக்கு 25 கிலோ வரும். அப்படியானால் 20,000 நாள், வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 66 வருஷத்துக்கும் மேல், அதுவும் உரம், மருந்து, கூலி எதையும் கழிக்காமல். என் ஆயுசு முழுக்கப் பறித்தால் ஒரு கோடி. 2024 ஃபோர்ப்ஸ் பட்டியலில் முகேஷ் அம்பானிக்கு 11,600 கோடி டாலர் என்று போட்டிருந்தது, நம் பணத்தில் ஒன்பதரை லட்சம் கோடிக்கு மேல்.

பொறாமையில் எழுதவில்லை. அவ்வளவு பணம் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். ஏன்? உங்களுக்கும் அப்படித்தானா?

ஊட்டி ரயில்:
அக்கா, எனக்கும் அப்படித்தான். ஆனால் ஊட்டிக்காரனாக ஒன்று சொல்கிறேன். பெரிய பணக்காரர்கள் சந்தோஷமாக இருக்கத்தானே இந்த ஊரையே கட்டினார்கள்? மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில், ஜோத்பூர் மகாராஜாவுக்கு ஆரன்மோர் (இப்போது தமிழகம் விருந்தினர் மாளிகை). ஸ்னூக்கர் விளையாட்டுக்கு விதி எழுதியதே 1882இல் ஊட்டி கிளப்பில்தான். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் உள்ளே போனதெல்லாம் தட்டு தூக்கத்தான். அன்றைக்குப் பணக்காரர்களின் கொண்டாட்டம் மதிலுக்குள் நடந்தது, இன்றைக்கு மதிலை எடுத்துவிட்டு நம் கையிலேயே காட்டுகிறார்கள். பார்க்கவிட்டதே நமக்குப் பெரிய மரியாதை போலத் தோன்றுகிறது. கோபம் வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பா இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் இருந்தார். வெளிச்சம் பட்டால் பிலிம் போச்சு என்பதால் பல வேலைகள் இருட்டில்தான். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்த பழக்கத்தில், வீட்டில் கரண்ட் போனாலும் நேராகப் போய் மெழுகுவர்த்தியை எடுத்து வருவார். ஒரு படத்தைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருட்டில் நின்றவர்கள் நினைவுக்கு வருவது எனக்கு அப்பாவால் வந்த பழக்கம். அந்தக் கல்யாண வீடியோவிலும் சமைத்தவர்களையும் பூக் கட்டியவர்களையும்தான் தேடினேன், அவர்களைக் காட்டவே இல்லை.

குன்னூர் 87:
பணத்தை விட எனக்கு உறுத்தியது வேறு. அதே கல்யாணத்துக்கு முன்னால், மார்ச்சில் குஜராத்தின் ஜாம்நகரில் நடந்த விருந்துக்காக அந்த ஊர் விமான நிலையத்துக்குப் பத்து நாளுக்கு சர்வதேச அந்தஸ்து கொடுத்தார்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்கு! அதைத்தான் அதிகாரம் என்கிறேன். அப்புறம் 2024 நவம்பரில் ஹாட்ஸ்டாரும் அவர்கள் கூட்டுக்குள் வந்து, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆனது. கிரிக்கெட், சீரியல், சினிமா எல்லாம் அதில்தான். விசேஷம் அவர்களுடையது, பார்க்கிற திரையும் அவர்களுடையது என்றால் யார் குறை சொல்லிக் காட்டப்போகிறார்கள்?

நம் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வரானதிலிருந்து திரையும் கோட்டையும் பக்கத்துப் பக்கத்து வீடு. கட்சிக்கு ஒரு சேனல் வந்தது, 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச கலர் டிவியும் வந்தது. எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் அதுதான் முதல் டிவி. அம்மா அதற்குப் பூ வைத்தார். அந்த நன்றி பொய் இல்லை, அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அந்த நன்றியை நம்பித்தான் ரொம்பப் பேர் பிழைக்கிறார்கள்.

கொடை டாக்சி:
நீங்கள் மூன்று பேரும் பொழுதுபோக்கையே குற்றவாளி ஆக்குகிறீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சினிமாவால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. 1991இல் இங்கே கொடைக்கானல் குகையில் 'குணா' படம் எடுத்தார்கள், குகைக்கு குணா குகை என்றே பேர் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் அதை வைத்து மலையாளத்தில் ஒரு படம் வந்ததும் கேரளா வண்டிகள் வரிசை கட்டின. மே 7ஆம் தேதி கோர்ட் உத்தரவில் இ-பாஸ் வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

இன்னொன்றையும் கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசக் கழிவு மூஞ்சிக்கல் காயலான் கடையில் மூட்டையாகக் கிடந்ததை 2001இல் கண்டுபிடித்தார்கள், ஆலை மூடியது. வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒருவருக்குக் கை நடுக்கம், டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள், யாருக்கும் காது கேட்கவில்லை. 2015 ஜூலைக் கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண், ஒரு வெளிநாட்டு ஹிட் பாட்டின் மெட்டிலேயே இந்தக் கதையை ராப் பாடி நெட்டில் போட்டார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. பாட்டு மட்டும் செய்துவிடவில்லை, பதினைந்து வருஷம் அலைந்தது அந்த ஆட்கள்தான். ஆனால் அவ்வளவு பெரிய கம்பெனியை உலகம் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்டது அந்தப் பாட்டுக்கு அப்புறம்தான். அதுவும் போனில் பார்க்கிற பொழுதுபோக்குதானே?

கோத்தகிரி மலர்:
எல்லோருக்கும் நன்றி. குன்னூர் தம்பி, எங்கள் வீட்டிலும் அந்த டிவி வந்தது, நாங்களும் பூ வைத்தோம். விமான நிலைய விஷயம் எனக்குத் தெரியாது. இங்கே மண் சரிந்தால் பிரசவ வலியோடு ஒரு பெண் வண்டியிலேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, முதல் முறையாக.

கொடை அண்ணா, அந்தப் பாட்டை நேற்று ராத்திரி பார்த்தோம். இங்கிலீஷ் என்பதால் மகள் வரி வரியாக நிறுத்திச் சொன்னாள். மாமியாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அதே போன், அதே இடம். முடிந்ததும், "அவர்களுக்குப் பணம் கிடைத்ததா" என்று கேட்டார். கிடைத்தது, எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கை நடுக்கம் நின்றதா" என்றார்.

அண்ணா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் தெருவில் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.