முதல் மழைத் தண்ணீர்

கவிதா அண்ணி: பாப்பாவுக்கு ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு, ஐந்து தடவை போய்விட்டாள். இத்தனை மாதம் கழித்து மழை வந்ததே என்று சந்தோஷப்பட்டோம். தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கிறது

செல்வி அத்தை: ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கிறதா? இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி அளந்து போடு, உப்பு கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டு. சாப்பாட்டை நிறுத்தாதே

செல்வி அத்தை: கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி

முரளி: மழை பெய்தால் அழுக்கெல்லாம் அடித்துப் போய்விடும்தானே அத்தை?

செல்வி அத்தை: எங்கே போகிறது? வறட்சியில் மாதக்கணக்காக நிலத்தில் சேர்ந்த மலமும் சாணமும் ஒரே மழையில் ஆற்றிலும் கிணற்றிலும் இறங்குகிறது. நீண்ட வறட்சி, அப்புறம் ஒரே நாளில் கொட்டும் மழை, பூமி சூடாகச் சூடாக இது பல இடங்களில் கூடுகிறது. கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணம் குடிநீர்க் கிணற்றில் கலந்தது, குளோரினும் போதுமான அளவு போடவில்லை, சுமார் 2,300 பேர் படுத்துவிட்டார்கள், 7 பேர் இறந்தார்கள்

முரளி: அப்போ குளோரின் போட்டால் போதும்?

செல்வி அத்தை: எல்லாக் கிருமிக்கும் போதாது. 1993-ல் அமெரிக்காவில் மில்வாக்கியில் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியால், அது குளோரினுக்கு அசையாது. கொதித்தால் சாகும். நன்றாகக் கொப்பளித்து ஒரு நிமிடம் கொதிக்கட்டும்

பெரியப்பா: மழை வரும் என்று மூன்று நாள் முன்பே சொல்கிறார்களே, நோய்க்கு மட்டும் ஏனம்மா ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை

செல்வி அத்தை: என் ஆதங்கமும் அதுதான் பெரியப்பா. அந்த மூன்று நாளில் ஓஆர்எஸ், சிங்க் மாத்திரை, குளோரின் எல்லாம் தாழ்வான பகுதிகளுக்குப் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் வெள்ளம் வந்தால் ரோடே இருக்காது. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் வார்டு நிறைந்த பிறகுதான் பாக்கெட்டுக்கே எழுதிப் போடுவோம். தடுப்பு மருந்தை நம்பி உட்கார முடியாது, 2022 அக்டோபரில் உலகம் முழுக்கக் காலரா தடுப்பு மருந்து பற்றாமல் அவசரத்துக்கு இரண்டு தவணைக்குப் பதில் ஒன்றுதான் என்று ஆக்கினார்கள்

முரளி: சரி அத்தை, தண்ணீர்த் தொட்டியில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள், காலையில் போய்க் கேட்கிறேன்

கவிதா அண்ணி: அரை டம்ளர் குடித்துவிட்டாள் அத்தை. இப்போதுதான் சிறுநீர் போனாள்

செல்வி அத்தை: நல்லது. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொடு. சிங்க் மாத்திரை டாக்டரிடம் கேட்டு வாங்கு, போக்கு நின்றாலும் 10 நாளாவது கொடுக்க வேண்டும்