விடுதிக்குப் பின்னுள்ள வெளியில் மரக்கன்று நடலாமா, வேறு பணியில் தொடங்கலாமா?

கேள்வி (முதுகலை மாணவர், செங்கல்பட்டு மாவட்டம்):
எங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மன்றத்தில் பொறுப்பில் இருக்கிறேன். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகை நெருங்குவதால், வளாகத்தைப் பசுமையாக்கும் திட்டம் ஒன்றை எழுதித் தருமாறு பதிவாளர் அலுவலகம் கேட்டிருக்கிறது. விடுதிகளுக்குப் பின்னால் புல்லும் காரை, சூரை போன்ற முட்புதர்களுமாகக் கிடக்கும் பெரிய வெளியைச் சமன்செய்து மரக்கன்று நட வேண்டும் என்பதே பெரும்பாலோரின் விருப்பம். கையில் இருக்கும் நிதியோ சிறிது. அதைக்கொண்டு இதைவிடப் பயனுள்ள பணி எதையேனும் தொடங்க முடியுமா என்று அனுபவமுள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்):
தம்பி, அந்த வெளியை அப்படியே விட்டுவிடுமாறு முதலில் எழுதுங்கள். காரையும் சூரையும் வளரும் நிலம் தரிசு அன்று. நம் கடலோரச் சமவெளிக்கே உரிய புதர்க்காட்டின் மிச்சம் அது. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட, ஏறத்தாழ 250 ஹெக்டேர் நிலத்தில் எழுந்தது. அதை ஒட்டியிருக்கும் காடு 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமான் மரங்களுக்கிடையிலும் பிழைத்துக்கொள்ளும். வெளிமானோ பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்பும் விலங்கு என்பதால் அதற்குத் திறந்த புல்வெளி இன்றியமையாதது. பூங்காவுக்குள் போலோ மைதானம் எனப்படும் புல்வெளி அதன் முக்கிய இருப்பிடமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. உங்கள் வளாகத்தில் மான் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தரையில் முட்டையிடும் ஆட்காட்டியும் கௌதாரியும் இருக்கின்றனவா என்று அதிகாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சீமைக்கருவேலம் பரவியிருந்தால் அதை வேரோடு எடுப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை.

மறுமொழி (விடுதிப் பராமரிப்புப் பொறியாளர்):
நிதி சிறிது என்றால் மெஸ்ஸில் தொடங்குங்கள். உணவுக் கழிவை மட்கவைத்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுக் கலன் ஒன்று நன்றாக இயங்கினால், நாளொன்றுக்கு 100 கிலோ கழிவிலிருந்து 8 முதல் 10 கன மீட்டர் வரை எரிவாயு தரும். அது ஏறத்தாழ 4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஐந்து நாளுக்கு ஒருமுறை மிச்சமாகும். திறப்பு விழா முடிந்ததும் துருப்பிடித்துக் கிடக்கும் கலன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைத் தோலையும் முட்டை ஓட்டையும் பிரித்தெடுக்க ஓர் ஆளை நியமிக்காமல் கலனை மட்டும் வாங்குவதே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், அவருடைய ஊதியத்தையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

கலனுக்குப் பணம் போதாவிட்டால் உரக்குழி போதும். சோறும் குழம்பும் மட்டும் குழியில் விழுந்தால் ஈரமும் நைட்ரஜனும் மிகுந்து நாற்றமெடுக்கும். கார்பன் மிகுந்த காய்ந்த சருகை இடையிடையே பரப்பி, கார்பனும் நைட்ரஜனும் சுமார் 30க்கு 1 என்ற அளவில் அமையுமாறு செய்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். அந்தச் சருகைத்தான் பல வளாகங்களில் காலைதோறும் கூட்டிக் கொளுத்துகிறார்கள்! 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களைத் தனியாக வகைப்படுத்தின என்பதைப் பதிவாளரிடம் பணிவாக நினைவூட்டலாம்.

மறுமொழி (கல்லூரி ஆசிரியை):
தாவரவியல் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆயினும் மரம் நடுவதையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு மாறியபோது அதுவும் புதர்நிலமாகவே இருந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டதோடு நிற்காமல் பல்லாண்டு பேணினார்கள், புதர்க்காடும் ஒரு பகுதியில் நிலைத்தது. உங்கள் கன்றுகளை வாகன நிறுத்துமிடத்திலும் சாலையோரத்திலும் வையுங்கள். குழு போன பிறகு வரும் கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.

மின்செலவில் கைவைக்க விரும்பினால், பழுதாகும் விசிறிகளுக்குப் பதிலாக, தூரிகையில்லா மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வாங்கச் சொல்லலாம். பழையது சுமார் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் விடுதி அறையில் விசிறிக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. உரக்குழியை முதலில் வைத்து, கன்றுகளைச் சாலையோரத்துக்கு மாற்றி எழுதுகிறேன். மெஸ்ஸில் எவ்வளவு கழிவு சேர்கிறது என்ற கணக்கே எங்களிடம் இல்லை, எப்படி எடுப்பது?

விடுதிப் பராமரிப்புப் பொறியாளர்:
மூன்று வேளையும், சமையலறைக் கழிவையும் தட்டில் மிஞ்சுவதையும் தனித்தனியாக ஒரு வாரம் எடை போடுங்கள். வார இறுதியில் மாணவர்கள் ஊருக்குப் போவதால் அளவு மாறும் என்பதால் சனி, ஞாயிறை விட்டுவிடாதீர்கள். தட்டில் மிஞ்சுவது அதிகமாக இருந்தால் குழியின் அளவைத் தீர்மானிக்கும் முன் மெஸ் குழுவோடு உணவுப் பட்டியலைப் பற்றிப் பேசுங்கள்.