ஆக்சிஜனை ஏன் குறைத்தார்கள்? என்.ஐ.சி.யூ. அனுபவங்கள்

கெடிலக்கரை (கடலூர்):

2021 மே மாதம் மாமாவுக்காக ஆக்சிஜன் சிலிண்டர் தேடி மஞ்சக்குப்பத்துக்கும் புதுச்சேரிக்கும் அலைந்தவன் நான். ஆக்சிஜன் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

போன வருஷம் எங்கள் மகள் 29 வாரத்திலேயே பிறந்தாள். எடை 1,150 கிராம். புதுச்சேரியில் என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூக்கில் சிபாப் குழாய் (மூச்சுக்கு உதவ அழுத்தத்தோடு காற்று தருவது), பாதத்தில் ரத்த ஆக்சிஜனை அளக்கும், சிவப்பாக எரியும் சென்சார். மூன்றாம் நாள் மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் 98 சதவீதம் என்று பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்தது. அந்த நேரம் சிஸ்டர் வந்தார். 98-ஐப் பார்த்தார், காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டரின் திருகை 40 சதவீத ஆக்சிஜனிலிருந்து 35-க்குத் திருப்பினார். மானிட்டரில் எண் 94-க்கு இறங்கியது.

"நல்லாத்தானே இருந்துச்சு சிஸ்டர், ஏன் குறைக்கிறீங்க?" குரல் உயர்ந்துவிட்டது, இன்றும் அதற்கு வருத்தம் உண்டு.

"90-லேருந்து 95-க்குள்ள இருந்தா போதும் சார். ஆக்சிஜன் கூடிப்போனா பாப்பாவோட கண்ணுக்கும் ஆகாது, நுரையீரலுக்கும் ஆகாது" என்றார்.

கண் விஷயம் தெரியும், விழித்திரைப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். நுரையீரலுக்கு ஆக்சிஜனே எப்படி ஆகாமல் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளம் ஆய்வு மாணவி (புதுச்சேரி):

அண்ணா, நான் நுரையீரல் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைத் தட்டில் வளர்த்தவள். நன்றாக இருக்கும்போது கல் பாவிய தரை போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். 95 சதவீத ஆக்சிஜன் பெட்டியில் நாட்கணக்கில் வைத்தால் ஊதிப் பெருக்கும், நடுவே சந்து விழும். முதல்முறை மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. உடம்பில் அந்தச் சந்து வழியாகத்தான் நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்கும்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அது அளவுக்கு மீறும்போது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு என்ற முரட்டு மூலக்கூறு நிறைய கிளம்பும். செல்லிடம் காவல் இல்லாமல் இல்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், கேட்டலேஸும் குளூட்டாதயோனும் அதைத் தண்ணீராக்கிவிடும். என்.ஆர்.எஃப்.2 என்று ஒரு புரதம் உண்டு. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைச் சாதாரண நேரத்தில் பிடித்து வைத்திருக்கும். தாக்குதல் வந்ததும் பிடி தளர, என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் போய்க் காவல் மரபணுக்களை முடுக்கிவிடும்.

இந்தக் காவலைப் பலப்படுத்தவும் முடியும். முழு ஆக்சிஜனில் வைத்த எலிகள் மூன்று நாள் தாண்டுவதே அரிது. முதலில் சில நாள் 85 சதவீதத்தில் பழக்கிய எலிகளோ தாக்குப்பிடித்தன, அவற்றின் நுரையீரலில் அந்த டிஸ்மியூட்டேஸ் கூடியிருந்தது. இது 1970-களிலேயே கண்டது. அதற்காகக் குழந்தையை ஆக்சிஜனில் பழக்க முடியாது, மருந்து தேடுகிறவர்களுக்குத்தான் அது வழிகாட்டி.

உங்கள் மகளுக்கு வருகிறேன். கருவில் இந்தக் காவல் நொதிகள் கடைசி வாரங்களில்தான் பெருகும். 29 வாரத்தில் வந்த பிள்ளைக்கு அது சேரவே நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சிஸ்டர் திருகைக் குறைத்தது குழந்தையின் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றத்தான்.

இரவுப் பணி நர்ஸ் (திருப்பாதிரிப்புலியூர்):

குரல் உயர்த்தியதற்கு வருத்தப்படாதீர்கள் தம்பி, எந்த அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும். இன்னொன்றையும் சொல்கிறேன். மானிட்டரில் எண் 85-க்கு விழுந்து அலாரம் அடித்தால், பார்க்கிறவர்கள் "சிஸ்டர், ஏத்துங்க" என்றுதான் கத்துவார்கள். நாங்கள் முதலில் பிராங் (சிபாப் குழாயின் மூக்கில் செருகும் முனை) மூக்கில் சரியாக இருக்கிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம். மூச்சு விட மறந்திருந்தால் உள்ளங்காலை லேசாகத் தேய்ப்போம். பல நேரம் அதிலேயே எண் ஏறிவிடும். அப்படியும் ஏறாவிட்டால் ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டுவோம். எண் தேறிய பிறகு பழைய அளவுக்குக் குறைக்காமல் தொட்டிலைவிட்டு நகர மாட்டோம்.