பினாங்கில் 5 வயதும் ஒன்றரை வயதும்: தள்ளுவண்டி கொண்டு வரலாமா?

வாலுஅம்மா:

வணக்கம். மே மாதம் சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்கு தீவுக்குப் போகிறோம். நான், கணவர், மாமியார், 5 வயது மகள், ஒன்றரை வயது மகன். நான்கு இரவு. நேராக விமானம் கிடைத்ததால் அவசரத்தில் டிக்கெட் போட்டுவிட்டேன். இப்போதுதான் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

என் பட்டியல் இது: பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், சுவர் ஓவியங்கள், சியூ ஜெட்டி, கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, கப்பித்தான் கிளிங் மசூதி, பத்து ஃபெரிங்கி கடற்கரை, வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, தாவரவியல் பூங்கா, வாசனைப் பொருள் தோட்டம், கர்னி டிரைவ் இரவுச் சாப்பாடு. கணவர் பார்த்துவிட்டு, "இது சுற்றுலாவா, ரேஷன் கடை சாமான் பட்டியலா?" என்கிறார்.

என் கேள்விகள்: ஜார்ஜ் டவுன் என்கிற பழைய நகரப் பகுதியில் தள்ளுவண்டி ஓடுமா? சின்னவன் பத்து கிலோ, அவனை நாள் முழுக்கத் தூக்க என் முதுகு தாங்காது. எந்தப் பகுதியில் அறை எடுப்பது? இந்தப் பட்டியலில் எதையெல்லாம் வெட்டலாம்? "எல்லாமே அருமை, கட்டாயம் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை ஏற்கனவே நாற்பது வீடியோவில் கேட்டுவிட்டேன்.

ஆயர்ஈத்தாம்தாத்தா:

வாங்கம்மா. நான் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன். இருபது வருடம் பள்ளி வேன் ஓட்டியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் எந்த நேரத்தில் அழும், எந்த வளைவில் வாந்தி எடுக்கும் என்பது எனக்கு அத்துப்படி.

முதலில் தள்ளுவண்டி. பழைய டவுனில் ஓடாது. இங்கே கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கும், அதை அஞ்சடி என்போம். வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் ஒவ்வொரு வீட்டு அஞ்சடியும் ஒவ்வொரு உயரம். இரண்டு படி ஏறுவீர்கள், பத்தடி நடப்பீர்கள், ஒரு படி இறங்குவீர்கள். அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். அதைத் தாண்டினால் சாமி மேடை, ஊதுபத்தி. அப்புறம் ஒருவர் மேசை போட்டு வியாபாரம் செய்துகொண்டிருப்பார். வழியில்லாமல் ரோட்டில் இறங்கப் பார்த்தால் நடுவில் லோங்காங். லோங்காங் என்றால் சாக்கடைக் கால்வாய். பல இடத்தில் மூடி இருக்காது. சின்னவனை மார்பிலோ முதுகிலோ கட்டிக்கொள்ளும் பை ஒன்று வாங்குங்கள். அதை உங்கள் வீட்டுக்காரர் முதுகில் கட்டுங்கள், உங்கள் முதுகில் வேண்டாம். தள்ளுவண்டியையும் கொண்டு வரத்தான் வேண்டுமென்றால், ஒரு கையால் மடிக்கிற மாதிரி சின்னதாக ஒன்று போதும்.

அடுத்து வெயில். மே மாதம் இங்கே புழுக்கம், பிற்பகலில் இடியோடு மழையும் வரும். காலை ஏழரைக்கு வெளியே கிளம்புங்கள், பத்தரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். குளியல், சாப்பாடு, தூக்கம். மறுபடி நாலரைக்குக் கிளம்பலாம். நடுப்பகலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவர் ஓவியத்துக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்களை வாரத்துக்கு ஏழு நாளும் பார்க்கிறேன். படத்தில் அம்மா மட்டும்தான் சிரித்துக்கொண்டிருப்பார்.

பட்டியலில் பதிமூன்று இருக்கிறது. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, அவ்வளவுதான் எடுக்க முடியும். மாலையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், கிடைத்தால் லாபம்.

ஒரு காலையைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுங்கள். 1884இல் ஆரம்பித்த தோட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது. புல்வெளி பெரிது, பாதை சமம், உங்கள் தள்ளுவண்டி ஓடுகிற இடம் இதுதான். நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. பூ தரையில் விழுந்து கிடக்கும். இதழுக்குள் லிங்கமும் குடையும் இருப்பதை உங்கள் மாமியார் பேத்திக்குக் காட்டட்டும். அதற்கே அரை மணி நேரம் போய்விடும். குரங்கு நிறைய. பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், பிளாஸ்டிக் பை சரசரவென்றால் போதும், வந்துவிடும். என் பேத்தியின் கையிலிருந்து ஒரு பன்னைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்தபடியே தின்றது. அவளுக்கு இப்போது வயது பன்னிரண்டு, இன்னும் அந்தக் குரங்கைத் திட்டுகிறாள்.

தண்ணிமலை முருகன் கோயிலும் அதே வழியில்தான். 513 படி. காலை எட்டுக்குள் ஏறினால் சரி, அதற்கு மேல் படி காலைச் சுடும். பூங்காவையும் கோயிலையும் ஒரே காலையில் செய்யலாம்தான், ஆனால் படி ஏறின பிள்ளை பூங்காவில் நடக்காது, தூக்கு என்று சொல்லும். ஒரு பெரியவர் சின்னவனோடு கீழே இருந்துகொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு மட்டும் இந்த வயதுப் பிள்ளைகளோடு வந்துவிடாதீர்கள். எங்களுக்கு அது உயிர். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்றரை வயதுக்கு மூச்சு முட்டும்.

பெரியவளுக்கு டவுனில் ஒரு விளையாட்டு சொல்கிறேன். சுவர் ஓவியங்களை எல்லோரும் தேடுவார்கள். ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் ஒரு நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்திருக்கிறார்கள். 2012இல் லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஜகரேவிச் செய்தது. அதற்கு வரிசை உண்டு, காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிசையே இல்லாமல் இன்னொன்று இருக்கிறது. கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச் சித்திரங்கள், டவுன் முழுக்க 52. அந்தந்தத் தெருவில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். முன்ட்ரி ஸ்ட்ரீட்டில் உலகப் புகழ் பெற்ற செருப்புக்காரர் ஜிம்மி சூவுக்கே ஒன்று உண்டு, அவர் தொழில் பழகினது அங்கேதான். பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிற பிள்ளை "கால் வலிக்குது" என்று சொல்லாது. வேனில் நான் இருபது வருடமாக விளக்குக் கம்பங்களை எண்ண வைத்து ஓட்டியவன்.

வெட்ட வேண்டியது: கோட்டை, வாசனைத் தோட்டம், கெக் லோக் சி. கோயில் மோசம் என்று சொல்லவில்லை. அது மலைச்சரிவில் படி படியாகப் போகிறது, உங்கள் கூட்டத்துக்கு அது இன்னொரு தடவைக்கு.

மூட்டைமுடிச்சு:

தாத்தா சொன்னதில் முக்கால்வாசி சரி. போன வருடம் 4 வயது மகளோடும் ஒரு வயதுப் பையனோடும் போய் வந்தோம். எங்கள் தப்பு தங்கும் இடத்தில்தான் ஆரம்பித்தது. பழைய கடைவீட்டை மாற்றிய ஒரு ஹோட்டல், படத்தில் நடுமுற்றமும் மர ஜன்னலுமாக அழகோ அழகு. போனால் அறை மாடியில். படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, கம்பிகளுக்கு நடுவில் பையன் தலை நுழையும் அளவு இடைவெளி. தொட்டில் தருவதாக மின்னஞ்சலில் எழுதியிருந்தவர்கள், நேரில் "இல்லை சார்" என்றார்கள். ஒரு இரவு முழுக்க நானும் மனைவியும் முறை வைத்துக் காவல் இருந்தோம். மறுநாளே கர்னி டிரைவ் பக்கம் லிஃப்ட் உள்ள ஓர் இடத்துக்கு மாறினோம். பாட்டியும் வருகிறார் என்பதால் சொல்கிறேன்: லிஃப்ட், நீச்சல் குளம், பக்கத்தில் நடக்கிற தூரத்தில் சாப்பாடு. இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பகுதி என்பது அப்புறம்.

பத்து ஃபெரிங்கி கடலை நம்பி அங்கே அறை எடுக்காதீர்கள். தண்ணீர் கலங்கலாக இருக்கும், ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. மணலில் வாளி வைத்து விளையாட, சூரியன் மறைவதைப் பார்க்க நல்ல இடம். குளிக்க ஹோட்டல் குளம்தான்.

வண்ணத்துப்பூச்சிப் பண்ணையின் இப்போதைய பெயர் என்டோபியா. தெலுக் பஹாங்கில் இருக்கிறது. 101ஆம் எண் பஸ் போகும், ஆனால் கடலோர வளைவுப் பாதை. சனிக்கிழமை நெரிசலில் போனோம். மகள் என் சட்டையில் வாந்தி எடுத்தாள். கிராப் காரில் (போன் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) போங்கள். உள்ளே தள்ளுவண்டி ஓடுகிறது. மூக்கில் ஒரு பூச்சி உட்கார்ந்ததும் மகள் போட்ட சத்தத்தில் கூடவே நாலு குழந்தைகள் அழுதன; பையனோ ஒரு மணி நேரம் கண் இமைக்கவில்லை. பஸ்ஸில் போவதானால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் மீதி தர மாட்டார்.

இன்னொன்று: இந்தியர்களுக்கு இப்போது 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் எம்டேக் என்ற டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக. நாங்கள் பையனுக்கு மறந்துபோய், விமான நிலையத்தில் ஒரு கையில் அவன், ஒரு கையில் போன்.

வாலுஅம்மா:

இரண்டு பேருக்கும் நன்றி. எம்டேக் விஷயம் தெரியவே தெரியாது. கர்னி பக்கம் பார்க்கிறேன்.

தாத்தா, மலை ரயிலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? பெரியவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள். அப்புறம் சாப்பாடு. மாமியார் சுத்த சைவம், சின்னவனுக்குக் காரம் ஆகாது.

ஆயர்ஈத்தாம்தாத்தா:

மலை என் வீட்டுப் பக்கத்தில்தானே, அதனால் மறந்துவிட்டேன். வார நாளில் காலை எட்டுக்குள் அடிவார ஸ்டேஷனில் இருங்கள். ரயில் செங்குத்தாக ஏறும், ஐந்து பத்து நிமிடம்தான், காது அடைக்கும்; சின்னவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள். மேலே குளுமை. முருகன் கோயில் ஒன்று அங்கேயும் உண்டு. மழை மேகம் இறங்கிவிட்டால் எதிரே வெள்ளைத் துணி கட்டினது போலத்தான் தெரியும், அன்றைக்குப் போகாதீர்கள்.

அதைவிட மலிவான சந்தோஷம் ஃபெரி. படகுத் துறையில் ஏறி எதிர்க்கரை பட்டர்வொர்த் போய், இறங்கி, அடுத்ததில் திரும்பி வாருங்கள். காரை ஏற்றிக்கொண்டு போன பழைய ஃபெரிகள் 2020 கடைசியோடு போய்விட்டன. அதில் ஜன்னல் கிடையாது, காற்று முகத்தில் அறையும். 2023இல் வந்த புதுசுகளில் குளிர்சாதனம். எனக்கு மனசுக்கு ஒட்டவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், கப்பல் என்றால் கப்பல்.

சாப்பாடு. மாமியாருக்குச் சொல்லுங்கள்: கண்ணுக்குக் கீரையாகத் தெரிவதெல்லாம் சைவம் இல்லை. பெலாச்சான் என்று ஓர் இறால் விழுது. கங்கோங் கீரையில், சம்பலில் எல்லாம் போடுவார்கள். பழ ரோஜாக் என்கிற பழக் கலவை மேல் ஊற்றுகிற கறுப்புக் குழம்பிலும் இறால்தான். லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் உண்டு, தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம். சீனர்களின் சைவக் கடையும் நல்லது. சின்னவனுக்கு நம்ம பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைக் குழம்பு இல்லாமல் சீனி தொட்டுக் கொடுங்கள். காலையில் பசியாற இடியப்பம் விற்பார்கள், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவி. அப்பமும் உண்டு. கடையில் "தாக் பெடாஸ்" என்றால் காரம் வேண்டாம். "குராங் மானிஸ்" என்றால் இனிப்பு குறைவாக. இதைச் சொல்லாவிட்டால் மைலோவில் கரண்டி நிற்கும். "ஆயர் சுவாம்" என்றால் வெதுவெதுப்பான தண்ணீர், எந்தக் கடையிலும் கேட்கலாம். கழிப்பறைக்குச் சில இடத்தில் காசு, பத்து இருபது சென் சில்லறையைத் தனியாக முடிந்து வையுங்கள்.

வாலுஅம்மா:

போய் வந்து பத்து நாள் ஆகிறது. கடன் தீர்க்க எழுதுகிறேன்.

பதிமூன்றில் ஆறு பார்த்தோம். மலைக்குக் கிளம்பிய இரண்டு காலையும் மேகம், போகவில்லை. பெரியவள் அழுததற்கு ஈடாக ஃபெரியில் மூன்று தடவை போய் வந்தோம். அதிலே ஓட்டுநர் அறை எங்கே என்று கேட்டே கணவரை ஒரு வழி ஆக்கிவிட்டாள். இரும்புக் கம்பிப் படங்களில் 23 எண்ணினாள். எண்ணிக்கையை ஹோட்டல் நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டாள். இருபத்துமூன்றாவதை இரண்டு தடவை எண்ணிவிட்டதாக எனக்குச் சந்தேகம், வாய் திறக்கவில்லை.

தண்ணீர்மலையில் 513 படியும் ஏறியது மாமியார். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்து, "முட்டி வலி என்று சொன்னது நீயா நானா?" என்று கேட்டார். நாகலிங்கப் பூ ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி அறைக்குக் கொண்டு வந்தார், மறுநாள் அந்த அறை முழுக்க அந்த வாசம்.

தள்ளுவண்டி? கொண்டு போனேன் தாத்தா. தாவரவியல் பூங்கா தவிர எல்லா இடத்திலும் அதில் உட்கார்ந்து வந்தது எங்கள் சாமான் பைதான். சின்னவன் அப்பா முதுகிலிருந்து அஞ்சடி ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். இப்போது எங்கள் தெருமுனையில் திறந்து கிடக்கிற கால்வாயைத் தாண்டும்போதெல்லாம் விரலை நீட்டி "லோங்கா, லோங்கா" என்கிறான்.