மிஷனரிகளின் மேலதிகாரிகள் நேரில் வந்தார்களா?

களியக்காவிளைக்காரன்:
எங்கள் பக்கத்து லண்டன் மிஷன் கதைகளில் ரிங்கல்தௌபே, மீட் என்ற மிஷனரிகளின் பெயர்கள்தான் வருகின்றன. லண்டனில் இருந்து அவர்களை நடத்தியவர்கள் இங்கே வந்தார்களா, கடிதத்திலேயே காலம் தள்ளினார்களா?

பாறசாலை டீச்சர்:
வந்தார்கள். 1821-இல் டேனியல் டயர்மன், ஜார்ஜ் பென்னட் இருவரையும் லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பியது. தென்கடல் தீவுகள், சீனா, இந்தியா என்று எட்டு ஆண்டுகள்! டயர்மன் 1828-இல் மடகாஸ்கரிலேயே இறந்துபோனார். பென்னட் மட்டும் ஊர் திரும்பினார்.

என் பாட்டி சிறுமியாக இருந்தபோதும் ஒரு துரை வந்தாராம். கேட்டது முதலில் கணக்குப் புத்தகம், பிறகுதான் தண்ணீர். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைக் கத்தியால் அறுத்து அறுத்துத் தின்றாராம். பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்களாம். (பாட்டி இதை நடித்தே காட்டுவார்.)

நெய்யூர் பேரன்:
கடிதம் மட்டும் லேசா? மீட் 1818-இல் நாகர்கோவில் வந்த காலத்தில், பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக மாதக்கணக்காகும். 'கட்டலாமா?' என்று கேட்டுப் பதில் வருவதற்குள் கூரையே போட்டிருப்பார்கள்.

களியக்காவிளைக்காரன்:
நன்றி. டீச்சர், அந்தத் துரை மீன்குழம்பு ஊற்றிக்கொண்டாரா? பாட்டியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.