கலைச்சொல் விவாதம்: கெண்டைச்சதை இறுகி வலிப்பதற்கு ‘குரக்கு’ பொருந்துமா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேட்டுக்கு ஒரு சொல் முடிவாக வேண்டும். தூக்கத்தில் கெண்டைச்சதை சட்டென்று கல்லாக இறுகி, சில நொடி முதல் சில நிமிடம் வரை உயிரை வாங்கிவிட்டுத் தானாக விடுகிறதே, அந்த வலிக்கு. வரைவில் இப்போது ‘தசைப்பிடிப்பு’ என்று இருக்கிறது. கழுத்து திரும்பாமல் இரண்டு நாள் கிடப்பதற்கும் இதே சொல்தான், முதுகு பிடித்துக்கொள்வதற்கும் இதேதான். தசை பிய்ந்ததைக்கூடச் சிலர் தசைப்பிடிப்பு என்றே எழுதுகிறார்கள்.

இதில் உள்ள ஆபத்து மொழி அழகு சார்ந்ததல்ல. பிய்ந்த தசையை உடனே இழுத்து நீட்டினால் கிழிசல் பெரிதாகும். இறுகிய கெண்டையையோ உடனே நீட்டத்தான் வேண்டும். சொல் ஒன்றாக இருந்தால் படிப்பவர் தவறான பக்கத்தைப் புரட்டுவார்.

என் முன்மொழிவு: குரக்கு. பழைய அகராதிகளில் ‘குரக்குவலி’ இருக்கிறது. பேச்சில் ‘கொரக்களி பிடிச்சிருச்சு’ இன்றும் வழங்குகிறது.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்

மடல் 2

> என் முன்மொழிவு: குரக்கு.

வணக்கம். பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்த அகராதிகள் குரக்குவலிக்கு ‘இசிவுநோய்’ என்றுதான் பொருள் தருகின்றன. இசிவு என்றதும் படிப்பவருக்கு வலிப்பு நினைவுக்கு வரும். இரவில் கால் இறுகியவர் தனக்கு வலிப்பு வந்துவிட்டதோ என்று பயப்படக் கூடாது. எனவே சொல்லை எடுத்துக்கொள்வோம், வரையறையைப் புதிதாக எழுதுவோம். மூன்று அடையாளம் போதும்: நாம் எண்ணாமலே திடீரென வரும், தொட்டால் சதை கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும், நீட்டினால் விட்டுக்கொடுக்கும். மூன்றாவதுதான் முக்கியம். சுளுக்கிலும் பிய்தலிலும் அது கிடையாது.

தூக்கத்தில் ஏன் வருகிறது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது, கெண்டைச்சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் கிடக்கிறது. அந்த நிலையில் இயக்க நரம்பு சற்றே தூண்டப்பட்டாலும் தசை முழுதாக இறுகிவிடும். கனமான போர்வை பாதத்தை அழுத்தினால் இன்னும் எளிதாக வரும்.

கைமுறையை வரைவில் ‘காலை நீட்டவும்’ என்று விட்டிருக்கிறீர்கள். அது போதாது. காலை நீட்டு என்றால் பலரும் விரல்நுனியைக் கீழே குத்தி நீட்டுவார்கள், குரக்கு இரட்டிப்பாகும். இப்படி எழுதுங்கள்: முழங்காலை மடக்காமல் நேராக வையுங்கள். முன்பாதத்தைக் கையாலோ துண்டை மாட்டியோ முழங்கால் பக்கமாக மெல்ல இழுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். 20 முதல் 30 நொடி பிடித்து, விட்டு, தேவைப்பட்டால் மறுபடி செய்யுங்கள். இறுக்கம் விட்ட பிறகு கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவலாம். வெந்நீர் ஒத்தடமும் அதன் பிறகுதான். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஒத்தட நீரின் சூட்டை இன்னொருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வராமல் தடுப்பதற்குப் படுக்கும் முன் நீட்சி. சுவரிலிருந்து கைக்கெட்டும் தொலைவில் நின்று, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முன்னால் சாய வேண்டும். தொடையின் பின்தசைக்கும் ஒரு நீட்சி வேண்டும். 2012இல் நெதர்லாந்தில் 55 வயது கடந்த 80 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு இரவுக் குரக்கு குறைந்தது. குதிகால் தூக்கியபடி செய்வதுதான் வழக்கமாக நேரும் தவறு.

– இயன்முறை மருத்துவத் துறையிலிருந்து

மடல் 3

வணக்கம். சென்ற வாரம் ஒருவர் ‘தாதுக்குறை வலி’ என்று முன்மொழிந்திருந்தார். அதை அழுத்தமாக மறுக்கிறேன். பெயருக்குள் காரணத்தை அடைத்துவிட்டால், படித்தவர் நேராக மருந்துக்கடைக்குப் போய் மெக்னீசியம் வாங்குவார். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் புதுப்பித்த தொகுப்பாய்வு, முதியவர்களின் குரக்கை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்க வாய்ப்பில்லை என்கிறது. கர்ப்பிணிகளிடம் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இரத்தச் சோதனையில் குறைவு தெரிந்தவருக்குக் கொடுப்பது வேறு கதை.

மாத்திரையைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால் ‘தனிம எடை’ (மாத்திரையின் உப்பில் மெக்னீசியம் மட்டும் எவ்வளவு என்பது) என்ற சொல்லையும் கலைச்சொல் பட்டியலில் சேருங்கள். 500 மி.கி. மெக்னீசியம் ஆக்சைடில் மெக்னீசியம் சுமார் 300 மி.கி. இருக்கிறது. அதே எடையுள்ள சிட்ரேட்டில் 80 மி.கி. அளவே இருக்கும், ஆனால் குடல் அதை நன்றாக உறிஞ்சும். மாத்திரை வழியாக நாளுக்கு 350 மி.கி. என்பது அமெரிக்க உச்ச வரம்பு, ஐரோப்பிய வரம்பு 250. இவை தனிம எடைக் கணக்கு. மிஞ்சினால் முதலில் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு மெக்னீசியம் உடலில் தேங்கி இதயத்தையே பாதிக்கும், எனவே அவர்கள் தாமாகத் தொடக் கூடாது. பொட்டாசியம் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கலந்த குளியலில் இதம் தருவது வெந்நீர்தான். தோல் வழியாக மெக்னீசியம் போதிய அளவு உள்ளே போவதற்குச் சான்று இல்லை.

வெயிலில் வியர்த்து உழைத்த பின் வருவது தனி வகை. அங்கே உப்பும் நீரும் சேர்ந்து போயிருக்கின்றன. வெறும் நீரை மட்டும் மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். அதற்குப் பதில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடிக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. கலந்தபின் கண்ணீரை விட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

வரைவில் ‘ஊறுகாய்ச் சாறு’ என்று ஒரு வரி கண்டேன். மூலத்தில் சொல்லப்படுவது வெள்ளரி ஊறிய காடியும் (வினிகர்) உப்புநீரும், எண்ணெய் ஊறுகாய் அல்ல. ‘காடி உப்புநீர்’ என்று மாற்றுங்கள். இரண்டு மூன்று மடக்கில் ஒன்றரை நிமிடத்துக்குள் குரக்கு தணிவதை 2010இல் ஆய்ந்து பார்த்தார்கள். அதற்குள் உப்பு இரத்தத்தில் சேர வழியில்லை. தொண்டையில் புளிப்பு படுவதால் எழும் நரம்பு எதிர்வினைதான் காரணம் என்று கருதப்படுகிறது.

மலேரியா மருந்தான குயினைன் பற்றிய வரியை முழுவதும் நீக்கிவிடுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவதாலும் இதயத்துடிப்பு தடுமாறுவதாலும், குரக்குக்கு அதைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

– மருந்தியல் துறையிலிருந்து

மடல் 4

இருவருக்கும் மிக்க நன்றி. ‘குரக்கு’ தனியாக நின்றால் புதிய வாசகருக்கு எட்டாது, ‘பிடிப்பு’ தனியாக நின்றால் எல்லாவற்றையும் குறிக்கும். ஆகவே முதல் இடத்தில் ‘குரக்குப்பிடிப்பு’ என்றும், பிறகு ‘குரக்கு’ என்றும் எழுதலாமா? கெண்டை, பாதம், தொடை என்று இடப்பெயரை முன்னால் சேர்க்கவும் வசதி: பாதக்குரக்கு, தொடைக்குரக்கு. வினைக்கு ‘குரக்குப் பிடித்தது’. ‘இசிவு’ நரம்பு நோயால் வரும் இறுக்கத்துக்கே இருக்கட்டும்.

மடல் 5

ஒப்புகிறேன். ஒரே ஒரு திருத்தம். ‘எது குரக்கு அல்ல’ என்ற பெட்டியை வரையறைக்கு அடுத்தே போடுங்கள், கடைசிப் பக்கத்தில் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி மணிக்கணக்கில் விடாமல் இருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை நீவவே கூடாது, அன்றே மருத்துவமனை போக வேண்டும். நடக்கும்போது வந்து நின்றால் தணியும் கெண்டை வலி தமனி அடைப்பாக இருக்கலாம். சிறுநீர்பெருக்கியோ கொழுப்புக் குறைப்பு மாத்திரையோ தொடங்கிய பின் குரக்கு அடிக்கடி வந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடமே கேட்க வேண்டும். நீவும் குறிப்பு இந்தப் பெட்டிக்குப் பிறகுதான் வர வேண்டும்.