ஆண்ட்ரோமெடா தூரம்: ஹபிள் கணக்கு ஏன் தப்பியது?

மொட்டைமாடி: நேற்று இரவு பைனாகுலரில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் பார்த்தேன். பஞ்சுத் துணுக்கு மாதிரி இருந்தது, அதற்கே கழுத்து வலி. 25 லட்சம் ஒளியாண்டு என்கிறார்கள். 1923-ல் அதில் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டுபிடித்த வானியலாளர் ஹபிளோ 9 லட்சம் அளவில்தான் சொன்னார். இவ்வளவு வித்தியாசம் எப்படி?

துடிப்பு: அது 31 நாளுக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும் விண்மீன். துடிப்பு மெதுவாக ஆக, உண்மைப் பிரகாசம் அதிகம். இது 1912-ல் வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் 25 விண்மீன்களை வைத்துக் காட்டியது. உண்மைப் பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் வந்துவிடும். ஹபிள் நாள் கணக்கில் தவறவில்லை. கையில் இருந்த பிரகாச அளவுகோல்தான் கோணல்.

பழையலென்ஸ்: செஃபீடில் இரண்டு வகை! ஹபிள் பார்த்தது பிரகாசமான வகை, அளவுகோலோ மங்கலான வகைக்கு உரியது. பழைய தூரம் சரியென்றால், அமெரிக்காவின் பாலோமர் வான் ஆய்வகத்தின் 200 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடாவின் ஆர்.ஆர். லைரே விண்மீன்கள் (பிரகாசம் தெரிந்த இன்னொரு துடிக்கும் வகை) தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. 1952-ல் வானியலாளர் வால்டர் பாடே இதைச் சொன்னதும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

மொட்டைமாடி: அட! சரி, ஹபிளின் அந்த விண்மீன் என் பைனாகுலரில் தெரியுமா?

பழையலென்ஸ்: வாய்ப்பே இல்லை. ஆனால் 2010-ல் அமெச்சூர்கள் தொலைநோக்கியும் கேமராவும் வைத்து அதைப் பின்தொடர்ந்தார்கள்.